ஆறு இறங்கிக்கொண்டேதான் போகும், சாலை அப்படியில்லை

மலையேறத் தெம்பில்லை, ஆற்றோரமாகச் சைக்கிளில் நிதானமாகப் போய்விட்டு வருவோம் என்று திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலைச்சாலைகளைப் பற்றி எழுத ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். எத்தனை கொண்டை ஊசி வளைவு, சராசரிச் சரிவு எத்தனை சதவீதம், எந்த இடத்தில் நாக்குத் தள்ளும் என்று விலாவாரியாகக் கிடைக்கும். பள்ளத்தாக்குச் சாலை என்று வந்தால் மட்டும் "அருமையான காட்சிகள், சிரமமில்லாத பாதை" என்று இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரண்டு வரியை நம்பித் தனியாகப் போனதில் ஒரு டயர், ஒரு ரிம், இரண்டு நாள் சம்பளம், வாடகை வண்டிக்கு அழுத பெருந்தொகை, அதற்கப்புறம் பல வாரம் படியிறங்க விடாமல் படுத்திய ஒரு முழங்கால் என்று கணக்கு நீண்டுகொண்டே போனது. யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

திட்டம் என்னவோ எளிமையானதுதான். ஆற்றின் இடது கரைச் சாலையில் மேல்நோக்கி 58 கிலோமீட்டர். அங்கே ஒரு பாலம். அதைக் கடந்து வலது கரை வழியாக 54 கிலோமீட்டர் இறங்கி வந்தால் கிளம்பிய இடம். வழி போட்டுத் தரும் செயலி, மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்றது. நூறு கிலோமீட்டருக்கு ஆயிரம் மீட்டராவது ஏறினால்தான் சைக்கிள்காரர்கள் அதை மேடான பாதை என்று பேசவே ஆரம்பிப்பார்கள். இது அதற்கும் கீழே. விடிந்ததும் கிளம்பினால் பிற்பகலில் வீடு வந்து சேரலாம் என்றுதான் யாராக இருந்தாலும் கணக்குப் போடுவார்கள்.

ஆற்றோரம் என்றாலே சமதளம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஐரோப்பாவில் அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதை லுவார், ரைன், டான்யூப் ஆறுகளை ஒட்டிப் போகிறது. குழந்தையைப் பின்வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு, மூட்டை முடிச்சோடு போகிற குடும்பங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்கள்தான் நம் மனதில் தங்கிவிட்டன. அங்கே ஆறு பெரியது, பள்ளத்தாக்கு பல இடங்களில் அகலமானது, பாதையும் அந்தக் காலத்தில் படகைக் கரையிலிருந்து இழுத்துப் போகப் போட்ட வழியிலோ வெள்ளத் தடுப்புக் கரையின் மேலோதான் பெரும்பாலும் போகிறது. மலைக்குள் இருக்கும் இளம் ஆற்றின் கதை வேறு. பள்ளத்தின் அடியில் ஆற்றுக்கு மட்டும்தான் இடம் இருக்கும். சாலை மேலே சரிவில் ஒட்டிக்கொண்டு, பாறை விட்ட இடத்தில் ஏறி, மண் விட்ட இடத்தில் இறங்கிப் போகும்.

முதல் பதினைந்து கிலோமீட்டர் வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ஓடைகள் தொடங்கின. பக்கத்து மலையிலிருந்து வந்து ஆற்றில் விழும் சின்னச் சின்ன ஓடைகள். ஒவ்வொன்றையும் கடக்கச் சாலை என்ன செய்கிறது என்பதைக் கவனித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைய உழைப்பில் பாதி அங்கேதான் போனது. ஓடை நெருங்கும்போது சாலை ஆற்றை விட்டு மலைப் பக்கம் திரும்பும். திரும்பிக்கொண்டே இருபது மீட்டர் போல இறங்கும். இறங்கிய வேகத்தை வைத்து எதிர் மேட்டில் பாதி ஏறிவிடலாம் என்று கை பிரேக்கைத் தொடாமல் வருவோம். சரியாக அடியில் ஒரு குறுகிய பாலம், அதன் வாயிலேயே செங்குத்தாக ஒரு திருப்பம், திருப்பத்தில் மலையிலிருந்து அடித்து வந்த சரளைக்கல். வேறு வழியில்லாமல் பிரேக்கை அழுத்தி மணிக்கு பன்னிரண்டு கிலோமீட்டருக்கு வந்தாக வேண்டும். இறங்கிச் சேர்த்த வேகம் அத்தனையும் பிரேக் கட்டையில் சூடாகிப் போய்விடும். அடுத்த நொடியே எதிரே பன்னிரண்டு சதவீத மேடு, சங்கிலியோ இன்னும் பெரிய கியரில். இப்படி ஒன்றல்ல, இருபது ஓடைக்கு மேல். ஒவ்வொன்றிலும் இருபது மீட்டர் என்றால் நானூறு மீட்டர் ஏற்றம், சுற்றுப்பயண வரைபடத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

செயலி பொய் சொன்னதா என்றால், அது தெரிந்ததைத்தான் சொன்னது. இந்தச் செயலிகள் பல ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் தரவில் முக்கியமான ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி ரேடார் மூலம் எடுத்த அளவு. முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் உயரம் இருக்கும். அடர்ந்த காடு என்றால் தரையை அளக்காமல் மரத்தின் தலையை ஒட்டி அளந்திருக்கும். செங்குத்தான பள்ளத்தில் சாலைக் கோடு ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் உயரம் தாறுமாறாகக் குதிக்கும். அந்தக் குதிப்பை மறைக்கச் செயலி எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடுகிறது. அப்படி வழித்துவிடும்போது நம் ஓடைப் பள்ளங்களும் சேர்ந்து வழிந்து போகின்றன. உயரமான பாலங்களில் இதற்கு நேர் எதிர். சாலை பாலத்தின் மேல் சமமாகப் போகும், தரவோ கீழே உள்ள பள்ளத்தைக் காட்டும், சாலையில் இல்லாத ஒரு படுபாதாளம் வரைபடத்தில் தோன்றும். அதனால் இப்போதெல்லாம் மொத்த ஏற்றம் என்ற எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, நான் போகப்போகும் கரையில் எத்தனை நீலக்கோடு வந்து ஆற்றில் சேர்கிறது என்று விரல் வைத்து எண்ணுகிறேன். ஒரு கோட்டுக்குப் பதினைந்திலிருந்து இருபது மீட்டர் கூட்டிக்கொண்டால் பெரும்பாலும் கணக்கு ஒத்துப்போகிறது. பாலத்துக்கு வந்தபோது செயலி சொன்ன 480 மீட்டருக்குப் பதிலாக, காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் என் கருவி 870 காட்டியது.

வரைபடத்தில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வளைந்து போகும் இடத்தில் வெளிவளைவை அது அரித்துக்கொண்டே இருக்கும், அங்கே கரை செங்குத்துச் சுவராக நிற்கும். உள்வளைவில் மணலும் வண்டலும் சேர்ந்து தரை தாழ்வாக, வயலும் வீடுமாக இருக்கும். சாலை வெளிவளைவுப் பக்கம் இருந்தால் பாறையின் தோள் மேல் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். உள்வளைவுப் பக்கம் என்றால் மூச்சு விடலாம், குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும். எந்தக் கரையில் போவது என்று முடிவு செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பழைய ரயில் பாதை ஒன்று தண்டவாளம் எடுக்கப்பட்டு நடைவழியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரயில் செங்குத்தாக ஏறாது, அதனால் அந்த வழியும் ஏறாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பி இறங்கும்போது முதுகில் தள்ளும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். பள்ளத்தாக்குக் காற்று அப்படி நடந்துகொள்வதில்லை என்பதை அன்று கற்றேன். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் போய் மலையிலிருந்து பள்ளத்தாக்கு வழியாகக் கீழே வழியும். காலையிலும் கொஞ்ச நேரம் அதுதான் ஓடும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் திசை மாறி, கீழிருந்து மேலே வீசத் தொடங்கும், பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் இது நன்றாகத் தெரியும். ஆகக் காலையில் மேல்நோக்கிப் போய்ப் பிற்பகலில் கீழ்நோக்கி வருகிறவனுக்குப் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று.

பாலத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. பாலம் இருந்தது, அதன் தளம் இல்லை. தூண்களுக்கு மேல் இரும்புச் சட்டங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் தகரத் தடுப்பு, அந்தப் பக்கம் தகரத் தடுப்பு, நடுவில் முப்பது மீட்டர் கீழே பச்சைத் தண்ணீர். அறிவிப்புப் பலகை உண்டு, தடுப்பிலேயே மாட்டியிருந்தார்கள். 58 கிலோமீட்டருக்கு முன்னால் அதை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபத்தை என்னவென்று சொல்வது. எதிர்க்கரைச் சாலை கண்ணுக்குத் தெரிகிறது, கல்லை விட்டெறிந்தால் போய் விழும். நான் போக வேண்டிய சாலை அது. போக முடியாது.

மலை நாட்டில் சாலை அடைபட்டால் ஏதாவது குறுக்கு வழி இருக்கும். ஆற்று நாட்டில் அடைபட்டது பாலம் என்றால், அடுத்த பாலம் எங்கே இருக்கிறதோ அதுவரை உங்களுக்கு எதிர்க்கரை இல்லை. அதுதான் இந்தப் பாதைகளின் உண்மையான ஆபத்து. வரைபடத்தில் ஒன்பது கிலோமீட்டர் மேலே இன்னொரு கடப்பு தெரிந்தது. ஒரு மணி நேரம் மிதித்துப் போய்ப் பார்த்தால் அது அணை. அணையின் மேல் அழகான தார்ச்சாலை, வாயில் பூட்டிய கேட், காவலுக்கு ஒருவர். பொதுமக்களுக்கு அனுமதியில்லை என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார், கேட்டைத் திறக்கவில்லை. அவர் வேலை அது, குறை சொல்ல மாட்டேன். வரைபடத்தில் ஆற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள் எல்லாம் பாலம் கிடையாது. அணைத்தலை, ரயில் பாலம், வெயில் காலத்தில் மட்டும் கடக்க முடிகிற தாழ்பாலம், ஆள் நடக்கும் தொங்குபாலம் எல்லாம் அதே மாதிரி மெல்லிய கோடுதான். ஒவ்வொன்றையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். எனக்குப் போகவர இரண்டு மணி நேரமும், பையில் மிச்சமிருந்த கடைசித் தின்பண்டமும் செலவானது.

திரும்பப் பாலத்தடியில் வந்து உட்கார்ந்தபோது இரண்டே வழி. வந்த வழியே 58 கிலோமீட்டர், அத்தனை ஓடைகளோடும், இப்போது திசை மாறி வீசும் காற்றோடும். இல்லையென்றால் பாலத்தருகே பிரியும் கிளைச்சாலையில் ஆறு கிலோமீட்டர் ஏறி, மலைமுகட்டைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் உள்ள சிறு ஊருக்கு மொத்தம் 19 கிலோமீட்டர். இதில் எது என்று முடிவெடுக்க அரை மணி நேரம் பிடித்தது. வரைபடத்தைப் பார்க்கிறேன், எழுத்து மனதில் ஏறவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்தது, எதற்கென்று தெரியாமல். பிறகுதான் புரிந்தது, அது பசி. உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை சுமார் 400, 500 கிராம்தான், கிட்டத்தட்ட இரண்டாயிரம் கலோரி. 150 வாட் சக்தியில் தொடர்ந்து மிதித்தால் மணிக்கு ஐந்நூறு கலோரிக்கு மேல் எரியும். கொழுப்பும் ஒரு பங்கு கொடுக்கும் என்றாலும், ஏற்ற இறக்கத்தில் திரும்பத் திரும்ப முக்கி மிதிக்கும்போது சர்க்கரைதான் முதலில் காலியாகும். மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. சர்க்கரை தீரும்போது கால் தளர்வது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் புத்தி தளரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், அழுகை வரும். அந்த நிலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முதலில் எதையாவது தின்றுவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். தின்ன ஒன்றுமில்லாமல் நான் எடுத்த முடிவு, கிளைச்சாலை.

ஆறு கிலோமீட்டரில் 420 மீட்டர் ஏற்றம், சராசரி ஏழு சதவீதம். பிரான்சில் சைக்கிள் பந்தயங்களால் பெயர்பெற்ற ஆல்ப் துவேஸ் மலைச்சாலை 13.8 கிலோமீட்டருக்கு எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், உலகமே அதில் ஏறுகிறது, இது அதில் பாதி தூரம்கூட இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு சாலை எப்படி ஏறும் என்பது அதை யார், எதற்காகப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையை ஆஸ்திரியப் பேரரசுக்காக 1820க்கும் 1825க்கும் இடையே கார்லோ டொனேகானி என்ற பொறியாளர் போட்டார். குதிரைவண்டி போக வேண்டும் என்பதால் வடக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு வைத்துச் சரிவைப் பங்கிட்டுக் கொடுத்தார். 2,757 மீட்டர் உயரத்துக்கு இன்றைக்கும் ஒரே சீராக ஏறலாம். நான் மாட்டிக்கொண்டதோ ஒற்றையடிப் பாதையின் மேல் பிற்காலத்தில் தார் ஊற்றிய கிராமச் சாலை. ஆடுமாடு ஏறிய வழியில் நேராக ஏறும், களத்துமேடு வந்தால் சமமாகும், மறுபடி நேராக ஏறும். ஏழு சதவீதம் என்ற சராசரிக்குள் ஒரு கிலோமீட்டர் சமதளமும், பதினாறு சதவீதச் சுவர்களும் ஒளிந்திருந்தன.

இங்கே கியர் கணக்கு ஒன்று. என் வண்டியில் முன்னால் சிறிய பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 28. ஒரு மிதி சுற்றினால் வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், பதினாறு சதவீத மேட்டில் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிக்க 300 வாட்டுக்கு மேல் வேண்டும். புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே அது எனக்குச் சில நிமிடம்தான் தாங்கும். நாற்பது சுற்றுக்கு இறங்கினால் சக்தி குறையும், ஒவ்வொரு மிதியிலும் முழங்காலில் விழும் பாரம் குறையாது. பின்னால் 32 அல்லது 34 பல் இருந்திருந்தால் உட்கார்ந்தே ஏறியிருக்கலாம். கடைக்காரர் வண்டி விற்கும்போது இதைச் சொல்லவில்லை, வேகமான வண்டி என்று மட்டும் சொன்னார். மேட்டுப்பாங்கான ஊர்ப்புறத்தில் ஓட்டுகிறவர்கள் இலகு எடைச் சக்கரத்துக்குக் காசு கொட்டுவதற்கு முன்னால், பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டை மாற்றுங்கள். பல பழைய வண்டிகளில் 28க்கு மேல் போனால் சங்கிலியைப் பல் மாற்றித் தள்ளும் பின் டெரெய்லரையும் மாற்ற வேண்டி வரும், வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பாதி தூரத்தைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். ரோடு சைக்கிள் காலணியில் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், மிதியில் மாட்டிக்கொள்ளும் கிளீட்டோடு மேட்டில் நடப்பதைப் போல அவமானமான காரியம் வேறில்லை. குதிகால் தரையில் படாது, ஒவ்வொரு அடியும் வழுக்கும், முழங்கால் போனதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். நடக்கத் தோதான, கிளீட் உள்ளே அமுங்கியிருக்கும் மலைச்சைக்கிள் காலணியைத்தான் இப்போது போடுகிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முகட்டில் மணி ஐந்தேகால். காலையிலிருந்து ஏரோபிளேன் மோடில் கிடந்த போனை அதிலிருந்து எடுத்ததும் முதல்முறையாகச் சிக்னல் வந்தது, கூடவே அக்காவின் செய்திகள் வரிசையாக. கடைசியில் இருந்தது, "எங்கடா இருக்க? உயிரோட இருந்தா ஒரு வார்த்தை சொல்லு." பேசினால் அழுதுவிடுவேன் என்று இடத்தை மட்டும் அனுப்பினேன். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காதபோது போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யும், முன்பே இறக்கி வைத்த வரைபடமும் வேலை செய்யும், சார்ஜ் மிஞ்சும். நான் அப்படி வைத்திருந்ததால்தான் முகட்டில் நாற்பது சதவீதம் இருந்தது. ஐரோப்பா, இந்தியா உட்படப் பல இடங்களில் 112 என்ற அவசர எண்ணுக்கு உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அழைப்பு போகும். அதுவும் கிடைக்காத இடம் என்றால் பள்ளத்தில் நின்று போனை ஆட்டுவதில் பயனில்லை, மேடேற வேண்டும்.

இனி இறக்கம்தானே, கஷ்டம் தீர்ந்தது என்றுதான் தோன்றும். மறுபுறச் சரிவு வெயில் படாத பக்கம். சாலையோரம் பாசி, நடுவில் ஈர இலை, சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விட்டதால் ஊருக்கு இருட்டுவதற்கு முன்பே அங்கே இருட்டியிருந்தது. 400 மீட்டர் உயரத்தை 80 கிலோ எடையோடு பிரேக் பிடித்தே இறங்கினால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு வெளியாகும். காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மெதுவாக இறங்கும்போது பெரும்பங்கு ரிம்முக்குத்தான். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் ரிம் பிரேக்குக்கு மோசமானது. நேரான துண்டில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விட வேண்டும், இடைவெளியில் ரிம் ஆறும். ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்று பிரேக் பிடிக்கவே பிடிக்காது, தண்ணீரைத் துடைத்த பிறகுதான் கவ்வும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டுதான் வந்தேன். ஒரு மதகின் வாயில் உருண்டு கிடந்த கூர்க்கல் பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. டயரின் அடிப்பகுதியில் ஓட்டை என்றால் டியூப் மாற்றினால் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் புது டியூப் அந்தக் கிழிசல் வழியாகப் பிதுங்கி வெடிக்கும். உள்ளே ஏதாவது ஒட்டுக் கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் இருந்த, தின்று முடித்த சக்தி ஜெல்லின் காலி உறையை நான்காக மடித்து வைத்தேன், அது வேலை செய்தது. பணநோட்டும் வேலை செய்யும். பழைய டயரில் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டியெடுத்த துண்டு என்றால் இன்னும் உத்தமம், எடையே இல்லாத பொருள், இருக்கைக்கு அடியில் இருக்கும் பையில் எப்போதும் கிடக்கட்டும். ஒட்டுக்குப் பயந்து காற்றைக் குறைவாக அடித்ததால் அடுத்த குழியில் ரிம் நேராகக் கல்லில் மோதி டியூபைக் கடித்தது. ரிம்மின் விளிம்பு நசுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கையில் வேறு டியூப் இல்லை, தூறலில் ஒட்டுப் பசை ஒட்டவில்லை.

அதன்பிறகு காலுறையோடு தள்ளிக்கொண்டு நடந்தேன். இருட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பின்விளக்கு இருந்தது, முன்விளக்கு இல்லை, பகல் பயணத்துக்கு எதற்கு என்று அன்றைக்குக் கிளம்பும்போது யாரும் எடுப்பதில்லை அல்லவா. அந்த ஒரு மணி நேரத்தில் பயந்தது விலங்குக்கு அல்ல, எதிரே வளைவில் வரும் வண்டிக்கு. கடைசியில் தீவனம் ஏற்றிய ஒரு சிறு லாரி பின்னால் வந்து நின்றது. ஓட்டியவர் எதுவும் கேட்கவில்லை, சைக்கிளைத் தூக்கி வைக்கோல் மேல் போட்டுவிட்டு, முன்னிருக்கையில் இருந்த தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் நகர்த்தினார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை.

மறுநாள்தான் பணம் போனது. அந்த ஊரில் சைக்கிள் கடை இருந்தது, என் அளவுக்கு டயர் இல்லை. ஊர் வண்டிகளின் டயர்தான் இருந்தது, விட்டத்திலேயே பொருந்தாது. பேருந்தில் சைக்கிளை ஏற்ற மாட்டேன் என்றார்கள், மடக்கும் வண்டி என்றால் யோசிக்கலாமாம். வாடகை வண்டி பிடித்தேன். மலையைச் சுற்றிக்கொண்டு, அடுத்த பாலம் வழியாகத்தான் அதுவும் போக வேண்டும். அந்த வாடகைக்கு நல்ல கேசட் ஒன்றும் டயர் ஜோடி ஒன்றும் வாங்கிவிடலாம். அதிகம் நடமாட்டமில்லாத பக்கம் போகிறவர்கள் மடித்த டயர் ஒன்றைக் கொண்டுபோவதை நான் முன்பு கிண்டல் செய்வேன். இப்போது என் பையிலும் ஒன்று இருக்கிறது.

பாலம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டி அறிய நான் கண்டுபிடித்த சுலபமான வழி, அதன் வழியாக ஓடும் பேருந்து எது என்று பார்த்து, இந்த வாரம் அது வழக்கமான தடத்தில் போகிறதா என்று போனில் கேட்பது. சாலைத்துறை அறிவிப்பு வெளியிடத் தாமதமானாலும் பேருந்து ஓட்டுநர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அப்படியும் சந்தேகம் தீராத பாலம் என்றால், சுற்றுப்பாதையின் தொடக்கத்தை அங்கே நகர்த்திவிடுகிறேன். வட்டத்தை எந்தப் புள்ளியிலும் தொடங்கலாமே. வண்டியை மேல் பாலம் வரை காரிலோ ரயிலிலோ கொண்டுபோய், முதல் ஐந்து நிமிடத்திலேயே பாலத்தைக் கடந்துவிட்டு, காலையில் கீழ்நோக்கி இறங்கி, கீழ்ப் பாலத்தில் கரை மாறி, பிற்பகலில் மேல்நோக்கித் திரும்பினால் காற்றும் இரண்டு தடவையும் முதுகில்தான் இருக்கும். ஏற்றத்தின் பெரும்பகுதி களைத்த காலுக்கு மிச்சமாகிறது என்பது குறைதான். சாதாரண ஆள் நாள் முழுக்கச் சராசரியாக மணிக்கு ஐந்நூறு மீட்டர் உயரம் ஏறுவான் என்றால், பிற்பகலில் நானூறு என்றே வைத்து நேரம் போடுகிறேன். இப்போது பின்னால் 34 பல் இருக்கிறது.